பிரேக் விளக்குக்கு ஒரு பொட்டு

போன ஞாயிறு ஏழாயிரம்பண்ணையில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. விருதுநகரிலிருந்து என் பழைய காரில் கிளம்பினோம். நான், மனைவி ஜோதி, பின்சீட்டில் அவள் தம்பி முருகேசன்.

எவ்வளவு பழசு? இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கப் போனால், ஆபீஸில் இருப்பவர் காரைப் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார். அவ்வளவு பழசு.

ஆனைக்குட்டம் விலக்கு வருவதற்குள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. பிரேக்கில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டபடியே ஓட்டுகிறேனோ? இல்லையே, இறக்கித்தான் இருந்தது. தூக்கி இறக்கிப் பார்த்தேன். விளக்கு அணைந்தது. அடுத்த வளைவில் எரிந்தது. நேர் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அணைந்தது.

“வளைவுலதான எரியுது மச்சான்? நேரா போங்க,” என்றான் முருகேசன்.

இவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அச்சாபீஸ்களுக்குப் பேப்பர் சப்ளை செய்கிறான். அவனுக்குத் தெரியாத மிஷின் உலகத்தில் கிடையாது. அவன் கை வைத்த பிறகு ஓடிய மிஷினும் கிடையாது.

“ஓரமா நிப்பாட்டிப் பாருங்களேன்,” என்றாள் ஜோதி.

“சென்சார் கோளாறுதான்க்கா. பழைய வண்டி கண்டதுக்கும் எரியும். நேரமாச்சு, போவோம்.”

நான் யார் பேச்சைக் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

சிவகாசி தாண்டியதும் விளக்கு அணையவே இல்லை. முருகேசன் அக்காவின் ஹேண்ட்பேகிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்தான். எட்டி, விளக்கின்மேல் ஒட்டினான். “இப்ப எரியுதா?”

நான் சிரித்தேன். ஜோதி சிரிக்கவில்லை.

ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது. பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன்... சீசன் என்றால் ஞாயிறு ஏது? அது ரோட்டில் நின்றது. பின்கதவு திறந்து, பெண்கள் தூக்குவாளியோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

பிரேக்கை மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது. கார் நிற்கவில்லை. மறுபடி மிதித்தேன். ம்ஹூம். இறங்கிய ஒரு பெண் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

“ஏங்க!” — ஜோதி.

கியரைக் குறைத்தேன். இஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தேன். கார் ரோட்டை விட்டு இறங்கி, உழுது போட்ட கரிசல் காட்டில் குதித்துக் குதித்துப் போய், ஒரு கருவேலம் புதரில் முகத்தைப் புதைத்து நின்றது.

யாருக்கும் அடியில்லை. ஜோதி என் சட்டைக் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

பெண்கள் ஓடி வந்தார்கள். நாங்கள் முழுசாக இருக்கிறோம் என்று தெரிந்ததும், என்னைத் திரும்பிப் பார்த்தாரே, அந்தப் பெண் கேட்டார்: “ஏன் அண்ணாச்சி, ரோடு அம்புட்டு அகலமா கெடக்கு. காட்டுக்குள்ள எங்கன போறீக?”

இன்னொருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். “ஏத்தா, இங்கன பாரு... வண்டிக்குப் பொட்டெல்லாம் வச்சிருக்காக!”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. முருகேசன் செருப்பைத் தேடுவதுபோல் பின்சீட்டில் குனிந்துகொண்டான்.

வேன் டிரைவர் பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் டப்பா காலி. பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். அங்கேதான் கசிந்திருக்கிறது. ஆயில் குறையக் குறைய, வளைவில் அது ஒருபக்கம் சாயும்போது விளக்கு எரிந்திருக்கிறது. முழுசாகத் தீர்வதற்கு முன்னால் என்னிடம் கெஞ்சியிருக்கிறது, பாவம்.

நாம் ஏன் இப்படி? சுவரில் விரிசல் விட்டால் காலண்டர் மாட்டுகிறோம். நெஞ்சு வலித்தால் கேஸ் என்று சோடா குடிக்கிறோம். கோளாறைச் சரிசெய்வதைவிட, அதைச் சொல்கிற வாயை அடைப்பது சுலபமாக இருக்கிறது.

அந்த வேனிலேயே காதுகுத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பந்தியில் முருகேசன் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: “ஹேண்ட் பிரேக்கப் போடுங்கன்னு நான் சொல்லலேன்னா என்ன ஆயிருக்கும்?” ஜோதி அவன் இலையில் இன்னொரு கரண்டி ரசத்தை ஊற்றி வாயை அடைத்தாள்.

இப்போது பின்சக்கரத்தில் கசிந்த பிரேக் சிலிண்டரை மாற்றியாயிற்று. பிரேக் நச்சென்று பிடிக்கிறது. அது தெரிந்து, ஒருநாள் காரைக் கொடுங்கள் என்று முருகேசன் போன் செய்தான். ஹாரன் வேலை செய்யவில்லையே என்று சாக்குச் சொல்லிப் பார்த்தேன்.

“அது எதுக்கு மச்சான்? நான் கத்திக்கிடுறேன்!”