பூக்காத மாமரத்துக்கு ஜாமீன் நின்றவர்

சென்ற மாதம் ஒரு காலை, முகத்தில் சோப்பு நுரையோடு நான் நின்றிருந்தபோது, எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்காவின் மகன் வாசலில் சைக்கிளை நிறுத்தினான். "அம்மா பூட்டாங்கண்ணா" என்றான். தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாம். பாதி மழித்த முகத்தோடு ஓடினேன். அக்கா பார்த்திருந்தால், "இன்னா நைனா, பாதி மூஞ்சி சாவுக்கு, பாதி மூஞ்சி கல்யாணத்துக்கா?" என்று கேட்டிருப்பார். அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

நெமிலிச்சேரியில் அவரைத் தெரியாதவர் யார்? அம்பத்தூரில் ஒரு போல்ட் கம்பெனியில் பாக்கிங் வேலை. காலை ரயிலில் பெண்கள் பெட்டியில் அவர் பேசினால் அடுத்த பெட்டியில் இருக்கும் எங்களுக்கே கேட்கும். பூப்பது என்பதை அவர் செடிகொடிகளோடு நிறுத்தியதே இல்லை. ரயில் தாமதமானால், "பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் பூட்ச்சு." என் வீட்டுச் சுவரில் உப்புப் படிந்தால், "செவுரு பூத்துகீது, நீ பேப்பர் பட்ச்சிகினு கீற." இரண்டு நாள் நான் எட்டிப் பார்க்காவிட்டால், "அத்தி பூத்தாப்ல வர்றியே, வழி மறந்துட்டியா?" அவர் வீட்டு ஊறுகாய்கூடப் பூத்ததுண்டு. அதை மட்டும் சத்தம் போடாமல் சொல்வார்.

பூக்காதது எங்கள் கொல்லை மாமரம்தான். எனக்குக் கல்யாணமான புதிதில் நட்டது. எண்பதுகளின் கடைசியில் வீட்டையே மூடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் ஒரு பூகூட விடவில்லை. எங்களுக்கும் குழந்தை இல்லை. இரண்டையும் முடிச்சுப் போட, ஊரிலிருந்து வந்த என் அம்மாவுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"மரத்த மெரட்டணும்டா" என்றார் அம்மா. பூக்காத மரத்தை ஒருவர் அரிவாளோடு வெட்டப் போவார். இன்னொருவர் குறுக்கே வந்து, "வேண்டாம், விட்டுடுங்க, அடுத்த வருஷம் பூக்கும்" என்று ஜாமீன் நிற்பார். மரம் பயந்துபோய்ப் பூத்துவிடும் என்பது நம்பிக்கை. அரிவாள் எனக்கு, ஜாமீன் அக்காவுக்கு என்று முடிவாயிற்று. வேடிக்கை பார்க்கத் தெருவே வந்துவிட்டது. நான் அரிவாளைத் தூக்கி, "வெட்டலாமா?" என்றேன்.

"மரத்தாண்ட பர்மிசன் கேக்குறியா? கத்து நைனா!" என்றார் அக்கா.

"வெட்டிடுவேன்!" குரல் கீச்சென்று வந்தது. பக்கத்து வீட்டுக் கோழி மட்டும் பயந்து ஓடியது.

பொறுக்க முடியாமல் அம்மா அரிவாளைப் பிடுங்கினார். "பூக்காதது வீட்டுக்கு எதுக்கு? தள்ளிட்டு வேற ஒண்ணு வெச்சுக்கலாம்" என்றார். மரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கிணற்றடியில் நின்ற என் மனைவி கலாவைப் பார்த்துச் சொன்னார். கூட்டத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கலா தலை குனிந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நடந்தார். மரத்தடிக்குப் போகவில்லை. கலாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"வேணாம் பெரீம்மா. பூத்தா பூக்கட்டும். பூக்காட்டியும் இது இங்கதான் இருக்கும்."

"அடுத்த வருஷம் பூக்கும்னு இல்ல சொல்லணும்?" என்றார் அம்மா.

"சொல்ல மாட்டேன். இத்தினி நாளா இந்த நெழல்ல குந்திகினுதான காபி குடிக்கிற?"

அம்மா அரிவாளை என்னிடம் நீட்டி, "அந்தக் காபியிலயும் சக்கர கம்மி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தப் பேச்சை அதன் பிறகு எடுக்கவே இல்லை.

மரம் இன்றுவரை பூக்கவில்லை. எங்களுக்கும் குழந்தை பிறக்கவில்லை. ஆனாலும் தை பிறந்தால் அக்கா வந்துவிடுவார். நான் கீச்சிடுவேன், அவர் ஜாமீன் நிற்பார், எல்லோரும் மரத்தடியில் காபி குடிப்போம்.

அக்காவின் காரியம் முடிந்து வீடு திரும்பிய அன்று, தைக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்க, கலா அரிவாளை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். "வெட்டிடுவேன்" என்றேன். அதே கீச்சுக்குரல்தான். கலா மரத்தில் சாய்ந்து நின்று, அக்காவைப் போலவே இடுப்பில் கைவைத்து, "பூக்காட்டியும் இது இங்கதான் இருக்கும்" என்றாள். அக்கா எங்களுக்கு விட்டுப்போன சொத்து இந்த ஒரு வாக்கியம்தான். இனி அதைச் சொல்வது கலாவின் பொறுப்பு; கீச்சிடுவது என் பொறுப்பு.