சவுக்குத் தோப்புக் காளான்

கார்த்திகை மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. தரங்கம்பாடிக்குத் தெற்கே மீனவர் ஊர் ஒன்றில் என் மூத்த நாத்தனார் வீடு. மகளின் கல்லூரி விடுமுறைக்கு அங்கே போயிருந்தோம். தாவரவியல் படிக்கிறவள், விடிந்ததும் கரைக்கு ஓடிவிடுவாள். அலை பெரிதாக இருந்ததால் நானும் பின்னால் போவேன்.

அன்று ஆலாப் பறவைகள் கூட்டமாக மணலில் உட்கார்ந்திருந்தன. எல்லாம் காற்று வரும் திசையையே பார்த்திருந்தன. மகள் பைனாகுலரை இறக்கவில்லை. நான் அவள் காலுக்கும் அலைக்கும் நடுவே எவ்வளவு மணல் மிச்சம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வலுத்தது. மணலில் படர்ந்த அடப்பங்கொடியில் கால் சிக்காமல் மேட்டுக்கு ஏறினோம்.

"காலைல சவுக்குத் தோப்புல வெள்ளைக் காளான் கெடச்சுதும்மா. சாயங்காலம் உக்காந்து வரையணும்."

"எங்க வச்சிருக்க?"

"வாசல்ல ஓலைப்பெட்டி இருந்துச்சுல்ல, அதுல."

படகிலிருந்து அந்த வீட்டுக்கு மீன் வருவது அந்தப் பெட்டியில்தான். அதில் எது இருந்தாலும் குழம்புக்கு. எதற்கு வைத்தது என்று யாரும் கேட்பதில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஓடினோம்.

"அண்ணி, சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. மழையில போட்டு கடலுக்குப் போகல, மீனும் இல்ல. பாப்பா காளானாச்சும் கொண்டாந்துச்சேன்னு குழம்பு வச்சேன். உப்பு மட்டும் பாத்தேன். வெந்துச்சான்னு ஒரு துண்டு."

"அத்தை, அது சாப்பிடுறது இல்ல!"

"மஞ்சள் போட்டுப் பாத்தேன்டி. நெறம் மாறல."

அந்தப் பக்கம் விஷக் காளானுக்கு அதுதான் சோதனை. மகள் குப்பையில் கிடந்த காளான் காம்புகளைப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் காம்பைப் புரட்டிப் பார்த்தார். "இப்ப ஒண்ணும் தெரியலங்கிறதுக்காக விட முடியாதும்மா. சிலது தாமதமாத்தான் காட்டும். நாளைக்கு வரைக்கும் இங்க இருக்கட்டும்."

மகள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நான் என்ன ஆலாவா? எப்பப் பறப்பேன்னு பாக்குறியா?" என்றார் நாத்தனார். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவருக்கு வாந்தி தொடங்கியது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதன் பிறகு அவர் கேலி பேசவில்லை. மகள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

மறுநாள் காலையில் நாத்தனார் இட்லி கேட்டார். மாலையில் டாக்டர் அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

அடுத்த நாள் மகள் கரைக்குக் கிளம்பவில்லை. பைனாகுலரைத் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். அவள் அலைப் பக்கம் போகாமல் இருந்தால் போதும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். அன்று எனக்கு அது பொறுக்கவில்லை. நாத்தனார்தான் அவளை விரட்டினார்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காராத. போய்ப் பறவையப் பாரு. வரும்போது எதையாச்சும் பொறுக்கிட்டு வந்தே, உனக்குத்தான் மொதல்ல ஊட்டுவேன்."

அவள் போனாள். நான் வாசலில் நின்றேன். நாத்தனார் இருமினால் உள்ளே பார்த்தேன். சத்தம் நின்றால் கரையைப் பார்த்தேன். இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை.