கைலாசம் வரைந்த குடும்பம்

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையின் முதல் மாடியில் இந்திராணிக்கு வேலை. புடவை விற்பது அல்ல, விற்பவர்கள் பிரித்துப் போட்டதை மடிப்பது. ஒரு கல்யாணக் கூட்டம் வந்து உட்கார்ந்தால் மலைபோலப் புடவை பிரியும். ஒன்றோ இரண்டோ விலை போகும், மீதியெல்லாம் இவள் கைக்கு வரும். பழைய மடிப்பு மாறாமல், ஜரிகை கோணாமல் மடித்து அட்டைப் பெட்டியில் வைக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் புடவையைப் பார்ப்பார்கள், கண்ணாடியைப் பார்ப்பார்கள். மடிக்கிறவளை யாரும் பார்ப்பதில்லை. இந்திராணிக்கு அது வசதியாகத்தான் இருந்தது. முன்பல் கொஞ்சம் எடுப்பு என்பதால் சிரிக்கும்போதுகூடப் புறங்கையால் வாயை மூடிக்கொள்கிறவள் அவள்.

புருஷன் தர்மன் அப்படியே எதிர். தெருமுனையில் அவன் பேசினால் வீட்டுக்குள் கேட்கும். முதலில் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். பிறகு ஏனாத்தூர் போகிற வழியில் கைலாசம் என்ற சிற்பியின் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தான். கைலாசம் சாமி சிலை செய்கிறவர் இல்லை. கல்லைப் பிளந்து, அதற்குள் இரும்பைச் சொருகி, ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்துவார். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அந்தக் கல்லைச் சங்கிலி போட்டுத் தூக்குவதும், நகர்த்துவதும், அவர் சொன்ன கோணத்தில் உட்கார வைப்பதும் தர்மனின் வேலை.

“நான் இல்லன்னா சாரோட கல்லு படுத்தேதான் கெடக்கும்,” என்று வீட்டில் பெருமை அடித்துக்கொள்வான். மகள் அபி கேலி செய்வாள். இந்திராணி வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். மூன்று பேரும் சேர்ந்து சிரித்த காலம் அது.

ஒரு ஐப்பசி மதியம், மழை விட்ட நேரம். கூட இருந்த ஆள் சாப்பிடப் போயிருந்தான். கல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் வரும்வரை காத்திருக்கக் கைலாசத்துக்குப் பொறுமையில்லை. சங்கிலியை அவரே பிடித்துக்கொண்டு, அடியில் இருக்கும் கட்டையைத் திருப்பி வைக்கச் சொன்னார்.

“இன்னும் கொஞ்சம் உள்ள போ தர்மா.”

தர்மன் போனான். ஈரச் சங்கிலி கைலாசத்தின் கையிலிருந்து நழுவியது. தண்டுவடம் நசுங்கி, இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி போய்விட்டது.

இதை இந்திராணிக்குச் சொன்னவன் தர்மன்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு. குறையாகச் சொல்லவில்லை. போலீஸ்காரர் வந்து கேட்டபோது, “என் கவனக்கொறவு சார்,” என்றுதான் எழுதிக் கொடுத்தான். அவர் போனதும் இவளிடம், “சார் ரொம்ப பயந்துட்டாருமா. பாவம், கையெல்லாம் நடுங்கிக்கினு இருந்துது,” என்றான்.

கைலாசமும் ஓடி ஒளியவில்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். செலவு முழுக்க அவரே பார்த்தார். தினம் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு கெட்டி நோட்டை வைத்து, பென்சிலால் ஏதோ செய்துகொண்டே இருப்பார். டாக்டர் சொல்வதை, மருந்து பெயரை எழுதி வைத்துக்கொள்கிறார் என்று இந்திராணி நினைத்தாள். அவர் வந்து உட்கார்ந்தால் அவளுக்குத் தைரியம். அந்த ஒரு மணி நேரம்தான் கட்டிலுக்கு அடியில் துண்டை விரித்துப் படுப்பாள். சார் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள்.

“கூடப் பொறந்த தம்பிகூட இப்படி வந்து உக்கார மாட்டான்,” என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடம் சொல்வாள்.

தர்மனை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகும் அவர் மாதம் ஒருமுறை வந்தார், நோட்டோடு. விபத்துக்கு அப்புறம் கல்லைத் தொடவே மனசு வரவில்லை என்று சொன்னார். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் அழைப்பிதழோடு வந்தார். ராஜ வீதியில் பட்டு முதலாளி ஒருவரின் பழைய வீட்டை வெள்ளையடித்து மாடியில் கேலரி ஆக்கியிருந்தார்கள். அங்கே அவருடைய ஓவியங்களும் அச்சுப் படங்களும் வைக்கப் போகிறார்கள். கண்காட்சிக்கு ‘எடை’ என்று பெயர்.

“நீங்கதான்மா வந்து விளக்கேத்தணும்,” என்றார் இந்திராணியைப் பார்த்து. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடையில் அரை நாள் லீவு கேட்டாள்.

அடுத்த தெரு ஆட்டோ ஷோயப்பும் அவன் கூட்டாளியும் தர்மனைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இந்திராணி விளக்கேற்றினாள். கை தட்டினார்கள். பிறகுதான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

சுவர் முழுக்கத் தர்மன். கல்லுக்கு அடியில் தர்மன். கட்டிலில் குப்புறப் படுத்த தர்மன். அவன் முதுகு, சூம்பிப் போன தொடை, கட்டிலோரம் தொங்குகிற மூத்திரப் பை. ஒரு சட்டத்துக்குள் அவன் கை மட்டும், எதையோ பிடிக்கப் போகிற மாதிரி. வார்டுக்குள் வந்துபோன பூனையைக்கூட விடவில்லை. எல்லாம் கறுப்பு மையில், பார்த்தால் அச்சு அசலாக.

தர்மனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அபி, தோ பாரு நானு! அங்கயும் நானுதான்! ஷோயப்பு, நாற்காலிய அந்தாண்ட திருப்புபா!”

படம் பார்க்க வந்தவர்கள் அவனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சிலர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை இரண்டு வருஷமாக இந்திராணி பார்த்ததில்லை.

கடைசிச் சுவரில் அவள் இருந்தாள். கட்டிலுக்கு அடியில், தரையில். வாய் பிளந்து, பல் தெரிய, மாராப்பு ஒதுங்கி, புடவை முழங்காலுக்கு மேல் ஏறிக் கிடக்க, செத்தவள் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். ஜிப்பா போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்திராணிக்குக் காது சூடேறியது. நேராகப் போய் அந்தப் படத்துக்கு முன்னால், அதை முதுகால் மறைத்தபடி நின்றுகொண்டாள். ஜிப்பாக்காரர் நகர்ந்து போனார். ஒரு அம்மாள் வந்து, “கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டாள். இவள் தள்ளவில்லை. அபிதான் வந்து கையைப் பிடித்தாள்.

“வாம்மா. எல்லாரும் பாக்கறாங்க.”

“அதான்டி. எல்லாரும் பாக்கறாங்க.”

படத்துக்குக் கீழே சிவப்புப் பொட்டு மாதிரி வரிசையாக ஒட்டியிருந்தது. விற்றுப்போனதற்கு அடையாளம் என்றாள் அபி.

“ஒரே படத்த இத்தினி பேரு எப்பிடிடி வாங்குவாங்க?”

“இது கையால வரைஞ்சது இல்லம்மா, பிரின்ட்டு. செப்புத் தகட்டுல கீறி, மை தடவி, எத்தினி வேணாலும் எடுக்கலாம்.”

அந்த நேரம் பார்த்துக் கைலாசம் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டே அவளருகில் வந்தார். இந்தப் படங்களின் உண்மையான சொந்தக்காரர் இவர்தான் என்றார். ரெண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கை அவள் முன்னால் நீட்டினார்.

இந்திராணி மைக்கில் பேசியதே இல்லை. மெல்லத்தான் ஆரம்பித்தாள். “எல்லாத்தையும் பாத்தேன். இவரு இருக்காரு. நான் இருக்கேன். கல்லு இருக்குது. ஆஸ்பத்திரி பூன கூட இருக்குது.” கொஞ்சம் நிறுத்தினாள். “அன்னிக்கு சங்கிலிய புடிச்சிக்கினு நின்னவரு மட்டும் எதுலயும் இல்லயே சார்.”

கைலாசத்தின் முகம் வெளுத்தது.

“இன்னா பேச்சு பேசற நீ!” என்று தர்மன் நாற்காலியிலிருந்து கத்தினான். “சார், அவ தெரியாம பேசறா. மனசுல வெச்சுக்காதீங்க சார்.”

வீட்டுக்கு வந்து பல நாள் அவன் அவளோடு பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டான், திருப்பிப் போட்டால் திரும்பினான். இந்திராணிக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தனக்கே தெரியாமல் இரண்டு வருஷம் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. இனிமேல் அந்த மனுஷன் நோட்டைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தாள்.

வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சவரம் செய்யாத முகத்தோடு. நாற்காலி வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தார்.

“நீங்க சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்லம்மா,” என்றார். “நான் என்னை ஒளிச்சு வெச்சுட்டேன். கோழை நான்.” சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

தர்மன் கட்டிலிலிருந்து எட்டி அவர் முதுகைத் தடவிக் கொடுத்தான். “அழாத சார். நீ இன்னா வேணும்னேவா செஞ்ச? இந்திராணி, சாருக்கு டீ போடு.”

டீ போட்டுக் கொண்டு வந்து வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள்.

“அந்தத் தூங்கற படத்த எடுத்துடுங்க சார். எனக்கு வேற ஒன்னும் வேணாம்.”

“அது இப்ப என் கையில இல்லம்மா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊருக்குப் போயிடுச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆனா நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லியே ஆகணும். அன்னிக்கு எப்படி நின்னு கேட்டீங்க? அதே மாதிரி ஒரு நிமிஷம் இந்தக் கதவோரம் நிக்கிறீங்களா?”

பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தார். இந்திராணி உள்ளே போய், அவர் கிளம்பிப் போகும்வரை சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

ஆடித் தள்ளுபடி சமயத்தில் கடைக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அரக்குப் புடவை ஒன்றை இவள் மடித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, “ஐயோ, நீங்க எங்க வீட்டு ஹால்ல இருக்கீங்க!” என்றாள். புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். சோபாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார்களாம். வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்களாம். சேர்ந்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமா என்றாள். விற்பனைப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இந்திராணி புறங்கையால் வாயை மூடிக்கொண்டாள். அப்படியே படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருஷம் கைலாசத்தின் புதிய கண்காட்சி சென்னையில் நடந்தது. பெயர் ‘சங்கிலியைப் பிடித்தவன்’. இந்த முறை எல்லாப் படத்திலும் அவர் இருந்தார். சங்கிலியோடு, சங்கிலி இல்லாமல், தன் கையையே பார்த்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. இவ்வளவு நேர்மையாகத் தன்னையே தோலுரித்துக் காட்டிய கலைஞன் உண்டா என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அவர் பேசிய வீடியோவை அபி போனில் காட்டினாள். ‘ஓர் எளிய பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்’ என்று அதில் ஆரம்பித்தார். இந்திராணி சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னார், பூனை உட்பட. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உன் பேரக்கூட சொல்லலம்மா,” என்றாள் அபி எரிச்சலாக.

“சொல்லாத வரைக்கும் நல்லது. அத நிறுத்து,” என்றாள் இந்திராணி.

திறப்பு விழாவுக்குக் கார் அனுப்பியிருந்தார். இந்திராணி லீவு கிடைக்காது என்று சொல்லிவிட்டாள். கடையில் அவள் கேட்கவே இல்லை. தர்மன் புது வேட்டி கட்டி, ஷோயப்பைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்வந்தான்.

மறுநாள் காலை அவனைத் திருப்பிப் போட்டுத் துடைக்கும்போதும் கதை முடியவில்லை. “சார் என்னக் கட்டிப் புடிச்சிக்கினு அழுதாருமா. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க, தெரியுமா?”

“யாருக்கு?”

“சாருக்குதான். வேற யாருக்கு?”

காரில் நெடுநேரம் உட்கார்ந்து போய்வந்ததில், ஆறியிருந்த படுக்கைப் புண் மறுபடி வாய் திறந்திருந்தது. வேட்டி முழுக்க ஈரம். இந்திராணி வெந்நீர் வைத்துக் கொண்டு வந்தாள். பஞ்சால் சுற்றிலும் ஒற்றினாள்.

“ரத்தம் வருதுயா,” என்றாள்.

“எங்க?” என்று கேட்டான் தர்மன். பதிலுக்குக் காத்திருக்காமல், மேடையில் தனக்குச் சால்வை போட்ட ஆள் யார் என்று சொல்ல ஆரம்பித்தான்.

அவள் மருந்து வைத்துக் கட்டி, வேறு வேட்டி மாற்றிவிட்டாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.