ரிங்குல எனக்குச் சத்தம் வரல

சபையில உக்காந்திருக்கிற எல்லாரையும் கும்பிடுறேன். பாருங்க, ரெண்டு கையும் ஒண்ணா சேர்ந்து மேல வருது. போன வருஷம் வைகாசியில இந்தக் கையால என் மூக்கு மேல உக்காந்த ஈயை ஓட்ட முடியல. கழுத்துக்குக் கீழ எதுவும் என்னுது இல்ல. கண்ணால மட்டும் ஃபேனைப் பாத்துக்கிட்டு, கர்த்தாவே என்னை எடுத்துக்கோன்னு கேட்டுக்கிட்டு கெடந்தேன்.

என் பேரு சேகர். மரக்காணத்துல உப்பளத்துக் கூலி வீட்டுப் புள்ளை. உங்கள்ல பாதிப் பேருக்கு என்னைப் பொய்ச் சண்டைக்காரன்னுதான் தெரியும். பரவால்ல, சொல்லிக்குங்க. பதினோரு வருஷமா நான் பாத்த வேலை ஷோ ரெஸ்லிங். டிவியில வர்ற பெரிய ஆளு இல்ல. காலேஜ் விழா, பொருட்காட்சி, மால் வாசல், எங்க ரிங் போட்டாலும் போவேன். பஞ்சாப் வரைக்கும் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில நின்னுக்கிட்டே போயி, பத்து நிமிஷம் அடி வாங்கிட்டு, அதே மாதிரி நின்னுக்கிட்டே திரும்பி வந்திருக்கேன்.

என் வேலை தோக்கறது. யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க. எவன் ஹீரோவோ அவன் பெரிய ஆளாத் தெரியணும்னா, அவன்கிட்ட நல்லா அடி வாங்க ஒருத்தன் வேணும் இல்லையா, அது நான். ரிங்குல என் பேரு 'உப்பு மூட்டை'. தோத்ததும் ரெண்டு பேரு வந்து என் காலைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்து, கீழ நிக்கற தள்ளுவண்டியில வீசுவாங்க. மைக்குல "லோடு ஏத்துங்கடா"ன்னு கத்துவாங்க. ஜனம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கும். எனக்கும் அது பிடிச்சிருந்துது, பொய் சொல்லல.

முடிவுதான் பேசி வச்சது. விழறது பேசி வச்சது இல்லங்க. பலகை மேல ஒரு விரல்கடை மெத்தை, அவ்ளோதான். ஒருத்தன் தலைக்கு மேல தூக்கி உங்களை அதுல போடட்டும், அப்புறம் வந்து பொய்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

இப்போ என் பாவத்தைச் சொல்லிடறேன். நீங்க நெனைக்கறது இல்ல அது. எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்குது. ஒருத்தன் விழுந்ததும் எதிராளி அவன் மேல படுத்து அமுக்கற மாதிரி வந்து, யாருக்கும் தெரியாம அவன் கையை ஒரு அழுத்து அழுத்துவான். நல்லா இருக்கியான்னு அர்த்தம். விழுந்தவன் திருப்பி அழுத்தினா, இருக்கேன்னு அர்த்தம். திருப்பி அழுத்தலன்னா ஆட்டத்தை அப்படியே நிறுத்தணும். எங்க உசுரு அந்த ஒரு அழுத்துலதான் இருக்குது. நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? புதுசா வந்தவனுங்களை மிரட்டறதுக்காக, வேணும்னே திருப்பி அழுத்தாமப் படுத்திருப்பேன். அவன் மூஞ்சி வெளுத்துப் போறதைப் பாத்துட்டு கண்ணடிப்பேன். அப்புறம் ரூம்ல போயி அதைச் சொல்லிச் சொல்லி சிரிப்போம். நாலஞ்சு தடவை பண்ணியிருக்கேன். விக்கிகிட்டயே ரெண்டு தடவை. விக்கி எனக்கு ஃப்ரெண்டு, விழுப்புரத்துப் பையன், எங்க கம்பெனியோட ஹீரோ.

அன்னைக்கு திண்டிவனம் பக்கத்துல ஒரு பொருட்காட்சி. என் சம்சாரம் சுகந்தி வந்திருந்தா. கல்யாணமாகி ஒம்பது வருஷத்துல ஒரு நாளும் என் ஆட்டத்தைப் பாக்க வராதவ. அவ காலையில பாத்தியில இறங்கி உப்பு வாருவா, ஞாயித்துக்கிழமை இங்க வருவா, அவ்ளோதான் அவ உலகம். இங்க இருக்கிற சில பேரு அவகிட்ட, உன் புருஷன் பொய்யில பொழைக்கறான், தேவனுக்கு அடுக்காதுன்னு சொல்லி அனுப்பியிருந்தீங்க. அவ என்கிட்ட வந்து சண்டை போட்டா. எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "ஒரு தடவை வந்து பாத்துட்டு அப்புறம் பேசுடி"ன்னு சொல்லிட்டேன்.

வந்தா. மூணாவது வரிசையில மடியில பையை வச்சுக்கிட்டு, மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. விழறவனுக்கு முதல் பாடம், தாடையை நெஞ்சோட ஒட்டணும். பதினோரு வருஷம் தப்பாத பாடம். விக்கி என்னைத் தலைக்கு மேல தூக்கினப்போ, நான் தாடையை ஒட்டாம, என் பொண்டாட்டி சிரிக்கறாளான்னு எட்டிப் பாத்தேன். பிடரியில விழுந்தேன்.

டப்புனு ஒரு சத்தம் கேட்டுது. அதுக்கப்புறம் வலி இல்ல, கை இல்ல, கால் இல்ல. மூச்சு கொஞ்சமாத்தான் இருந்துது. விக்கி மேல வந்து படுத்தான். கையை அழுத்தியிருப்பான், எனக்குத் தெரியல. அவன் காதுல வந்து, "டேய் மச்சான், போதும்டா உன் வெளாட்டு"ன்னு சிரிச்சிட்டு எழுந்து போயிட்டான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. நானே பழக்கி வச்சது அது.

மணி அடிச்சுது. பாட்டு போட்டாங்க. "லோடு ஏத்துங்கடா"ன்னு மைக்குல சத்தம். ரெண்டு பேரு என் காலுக்கு வர்றாங்க. இழுத்தாங்கன்னா முடிஞ்சுது கதைன்னு எனக்குத் தெரியும். ஐயோ, கத்தணும். வாயைத் திறக்கறேன், காத்துதான் வருது. அப்போதான் ஜெபம் பண்ணேன். ஜெபம்னு கூட சொல்ல முடியாது, சண்டை. "யேசப்பா, எனக்குச் சத்தம் குடு. ஒரே ஒரு சத்தம். இது நிஜம்னு ஒருத்தருக்காவது தெரியட்டும். குடுக்கலன்னா நீ இல்லன்னு வச்சுக்கறேன்." அப்படியேதான் கேட்டேன். மரியாதை எல்லாம் வரல.

சத்தம் வரல.

ஆனா சுகந்தி வந்தா. கயித்துக்குள்ள பூந்து வந்தா. செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம். என் காலைப் பிடிச்சவனை ஒரே தள்ளு. திரும்பி வந்த விக்கிக்குப் பளார்னு கன்னத்துல ஒண்ணு. ஜனத்துக்கு என்ன தெரியும்? இதுவும் ஆட்டம்னு நெனச்சிட்டாங்க. ஒரே விசில். மைக்குக்காரன் வேற, "உப்பு மூட்டையோட வீட்டம்மா களத்துல!"ன்னு கத்தறான். அவ யாரையும் பாக்கல. என் தலைமாட்டுல உக்காந்து ரெண்டு கையாலயும் தலையை ஆடாம பிடிச்சுக்கிட்டா. "எவனாவது இவரைத் தூக்கினீங்க, கொன்னுடுவேன். ஆம்புலன்ஸைக் கூப்புடு"ன்னா. உப்பு லாரி மேல இருந்து விழுந்த அவ சித்தப்பாவைப் பாசத்துல தூக்கி உக்கார வச்சாங்க. அவர் அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. அதைப் பக்கத்துல நின்னு பாத்தவ அவ. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவ கை எடுக்கல. ஜனமும் கை தட்டறதை நிறுத்தல.

பாண்டிச்சேரியில ஆபரேஷன் பண்ணாங்க. இழுத்திருந்தா பொணமாத்தான் வந்திருப்பாருன்னு டாக்டர் சொன்னாங்களாம். இனிமே எழுந்திருக்கறது சந்தேகம்னும் சொன்னாங்க. அப்புறம் வீட்டுக்கு வந்து படுத்தேன். நீங்க வந்தீங்க. ஆரஞ்சுப் பழம் கொண்டாந்தீங்க, சந்தோஷம். கட்டில் பக்கத்துல உக்காந்து, பொய்ச் சண்டைக்கு தேவன் குடுத்த அடி இதுன்னு சொன்னீங்க. சுகந்தி, "அடிச்சது அவர்னா, என்னை எதுக்கு அந்த சேர்ல உக்கார வச்சாரு? எழுந்து போங்க"ன்னு சொல்லிட்டா. அன்னைக்கு நான் அழுதேன். வலியில இல்ல.

ஒரு நாள் அவகிட்ட கேட்டேன். "விக்கிக்கே தெரியாதது, ஆட்டமே தெரியாத உனக்கு எப்பிடிடி தெரிஞ்சுது?" கஞ்சி ஊட்டிக்கிட்டே சொன்னா. "ஆட்டம் முழுக்க ஐயோ அம்மான்னு ஊரைக் கூட்டினியே, கடைசியில மட்டும் ஏன் சும்மா இருந்தே? பாத்தியில கண்ணாடி குத்தி எலும்பு தெரிஞ்சப்பவும் நீ வாயே திறக்கலையே. நெசமா வலிச்சா உனக்குச் சத்தம் வராதுய்யா. நீ கத்தியிருந்தா, நடிக்கறேன்னு நெனச்சு உக்காந்தே இருந்திருப்பேன்."

அப்போதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. சத்தம் குடுன்னு கேட்டேனே, குடுத்திருந்தாருன்னா செத்திருப்பேன். நான் கேட்டதைக் குடுக்காமலேதான் எனக்குக் குடுத்தாரு. அன்னைல இருந்துதான் அவர்கிட்ட சாவைக் கேக்கறதை விட்டேன். விரலைக் கேட்டேன். தெனமும் கேட்டேன், சண்டை போட்டுக் கேட்டேன். ஆடி மாசம் வலது கட்டை விரல் ஆடுச்சு. சுகந்தி கை என் கைக்குள்ள இருந்துது. அழுத்தினேன். அவ கஞ்சிக் கிண்ணத்தைக் கீழ போட்டுட்டா. கார்த்திகையில வாக்கர் பிடிச்சு நின்னேன். இப்போ அது இல்லாமலே நடக்கறேன். இடது கையில ரெண்டு விரல் இன்னும் மரத்துதான் கெடக்குது. முழு சுகம் இல்லையேன்னு யாரும் உச்சு கொட்ட வேணாம். எட்டு விரல் இருக்குது, போதும்.

பாஸ்டர் ஐயா என்னை இன்னைக்கு சாட்சி சொல்லக் கூப்பிட்டாரு. பாவத் தொழிலை விட்டுட்டேன்னு சொல்லுப்பான்னு ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தாரு. மன்னிச்சுடுங்க ஐயா, அதைச் சொல்ல மாட்டேன். விக்கிகிட்ட மன்னிப்பு கேட்டேன், நான் மிரட்டின அத்தனை பேருக்கும் ஃபோன் போட்டுக் கேட்டேன். அதுதான் என் பாவம், அதை விட்டுட்டேன். ரிங்கை விடல. இனிமே நான் விழ முடியாது, ஆனா நடுவரா நிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஒவ்வொருத்தன் விழும்போதும் குனிஞ்சு கையைப் பிடிச்சுப் பாக்கறேன். சத்தம் போடறவனை அப்புறமாப் பாத்துக்குவேன். சும்மா கெடக்கறவன்கிட்டதான் முதல்ல ஓடுவேன்.

இங்கயும் அப்படி சில பேரு இருக்கீங்க. வாயைத் திறக்க முடியாம, நல்லா இருக்கேன்னு தலையாட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. ஊரு கை தட்டினா தட்டட்டும், தேவன் குடுத்த அடி இதுன்னு சொன்னா சொல்லட்டும். நீங்க கேளுங்க. மரியாதையாக் கேக்க வரலன்னா சண்டை போட்டுக் கேளுங்க. கேட்டது வரலன்னா திரும்பவும் சண்டை போடுங்க. என் கர்த்தர் சண்டைக்காரனை வெளிய அனுப்பற ஆளு இல்ல.