தாலிக்கொடியும் தைராய்டும்

லண்டன் ஆஸ்பத்திரியில், தைராய்டு போன்ற சுரப்பிகளுக்கு ஆபரேஷன் செய்யும் பிரிவில், டாக்டர் சொல்வதைத் தமிழிலும் நோயாளி சொல்வதை ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் மதுரைக்காரியான என் உத்தியோகம். வாயை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஆஸ்பத்திரி நாற்காலியில் காத்துக் கிடந்த உங்களுக்குத் தெரியும்.

லிஃப்டில் வந்த வலி

லண்டன் ரெய்னர்ஸ் லேனிலிருந்து யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் வந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்க, "பரவாயில்லை" என்றார். டாக்டரும் சந்தோஷமாக அனுப்பிவிட்டார். லிஃப்டுக்குள் நுழைந்ததும் எலும்பு வலி, தூக்கமின்மை என்று எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினார். கையோடு திரும்ப அழைத்துப் போனேன். வழியெல்லாம் ஒரே புலம்பல்: "டாக்டரும் பாவம், எத்தினை சனத்தைப் பாக்கிற மனுசன். அவருக்கு ஏன், பிள்ளை, என்னாலை கரைச்சல்?"

வேண்டாம் என்றவர்

மோர்டனிலிருந்து வந்த இன்னொரு யாழ்ப்பாணத்து அக்காவின் கழுத்துக் கட்டி மூச்சுக்குழாயை அழுத்திக்கொண்டிருந்தது. படுத்தால் மூச்சு முட்டும். இரண்டு வருடமாக உட்கார்ந்தே தூக்கம். போன முறை மொழிபெயர்த்தவர் அவர் கணவர். "ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார், இன்றோடு அனுப்பிவிடுவோம். உங்கள் ஆட்களுக்குப் பயம் அதிகம்" என்றார் நர்ஸ். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லவேளை, புதிதாக வந்த டாக்டர், "ஏன் வேண்டாம்?" என்று அக்காவிடமே கேட்டார்.

அக்கா திகைத்துப் போனார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் எங்க வேண்டாமெண்டனான்? தாலிக்கொடியைக் கழட்ட ஏலாதெண்டல்லோ சொன்னனான்!"

மோதிரத்துக்கு ஒரு நியாயம்

கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்றார் டாக்டர். உடம்பை விட்டுப் பிரியக் கூடாது என்றார் அக்கா. கொடியை வீட்டில் வைத்துவிட்டு, தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கையில் கட்டினால் ஆகாதா என்றும் அவரே கேட்டார். நகைக்கு அனுமதி இல்லை என்றார் நர்ஸ். அனுமதி வாங்கிக்கொண்டு நானும் வாயைத் திறந்தேன்: "கல்யாண மோதிரத்தை என்ன செய்வீர்கள்?"

"கழற்ற மாட்டோம், டேப் ஒட்டுவோம்" என்ற டாக்டர், தானே சிரித்துவிட்டார். "சரி, இதற்கும் ஒட்டுவோம்."

வார்டில்

ஆபரேஷன் முடிந்த மறுநாள் போனேன். கழுத்தில் கட்டு, மணிக்கட்டில் டேப், முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. நலம் விசாரிக்க வாயெடுத்தேன். குரல் கம்ம, கையமர்த்தினார்: "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ, பிறகு கதைப்பம். மல்லாந்து படுத்து நித்திரை கொள்ளப் போறன்."

கட்டியை எடுக்க ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது, "ஏன் வேண்டாம்?" என்று கேட்கத்தான் இவ்வளவு படித்தவர்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது.