துரைக்கு வேண்டிய முடிக் காணிக்கை

நாய் வளர்ப்பது லீவே இல்லாத உத்தியோகம். அதிலும் சடைமுடி வேட்டைநாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் என் கட்சி.

வேப்பந்தட்டையில் எங்களுக்கு மாட்டுத்தீவனக் கடை. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய என் தம்பி, தன்னுடைய ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்டை எங்கள் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான். ஓநாய் வேட்டைக்கென்றே வளர்த்த இனமாம். கன்றுக்குட்டி உயரம், தேங்காய் நார் மாதிரி முடி. வெள்ளைக்கார ஜாதி என்பதால் துரை என்று பெயர் வைத்தோம்.

முயல்

வேப்பந்தட்டையில் ஓநாய்க்கு எங்கே போவது? அறுத்த மக்காச்சோளக் காட்டில் ஒரு முயல் ஓடியது, துரைக்கு அதுவே போதும். சங்கிலி என் கையில் இருந்ததால் நானும் வேட்டைக்குப் போக வேண்டியதாயிற்று. முயல் தப்பியது, என் முழங்கை தப்பவில்லை. வரப்பில் நின்று பார்த்த தீவன வாடிக்கையாளர் ஒருவர் ஓடிவந்து தூக்கிவிட்டார். துரையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மூக்கணாங்கயிறு போட்டு வுடுங்கக்கா, சொன்ன பேச்சு கேக்கும்."

சீப்பு

துரையின் முடியில் ஒட்டாத புல் கிடையாது. தினமும் காலையில் கடை வாசலில் உட்கார்ந்து சீவிவிடுவது என் வீட்டுக்காரர் வேலை. அவர் தலையிலோ காதோரம் மட்டும்தான் கொஞ்சம் மிச்சம். சட்டைப்பையில் சீப்போடு தவிடு நிறுத்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு பையன் கேட்டான்:

"சீப்பு யாருக்குண்ணே?"

வேண்டுதல்

அவ்வளவு சீவியும் முடிக்குள் உண்ணி ஒளிந்திருந்தது தெரியவில்லை. உண்ணிக் காய்ச்சலில் துரை எழுந்திருக்காமல் படுத்துவிட்டான். தயிர்ச்சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றிய டாக்டரும், "பாக்கலாம்" என்றதோடு சரி. வந்த நாளிலிருந்து அவனைத் திட்டித் தீர்த்த நான்தான் முதலில் அழுதேன். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "கல்லங்குறிச்சி பெருமாளே, துரை எந்திரிச்சா முடி எறக்குறேன்" என்று வேண்டிக்கொண்டார்.

துரை எழுந்தான். சோற்றுச் சட்டியையும் நக்கிக் கவிழ்த்தான். சந்தோஷத்தில் கல்லங்குறிச்சிக்குப் போய், மொட்டை போடுகிறவர் முன்னால் என் வீட்டுக்காரர் தலையைக் காட்டிய பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. தலையில் தண்ணீர் தெளித்தவர் கையை எடுத்துவிட்டுக் கேட்டார்:

"வேண்டிக்கிறதுக்கு முன்னாடி தலயத் தடவிப் பாத்திருக்கக் கூடாதா சார்?"

என் வீட்டுக்காரரின் காதோர முடி பெருமாளுக்கு, துரையின் முடி எங்கள் சாம்பாருக்கு என்று குடும்பம் நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கிறது.