கனத்த பை

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல வருடமாகக் குடலில் ஆறாத புண். வயிறு எப்போது கலக்கும் என்று தெரியாததால், வெளியே போனால் பையில் மாற்றுப் புடவை இருக்கும்.

அன்று பிடோக் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தேக்கா மார்க்கெட்டுக்குக் கீரை வாங்கக் கிளம்பினேன். பாதி வழியில் வயிறு கலக்கி, ரயிலை விட்டிறங்கி டாய்லெட்டுக்கு ஓடினேன். வெளியே வந்தால், போகிறேனா திரும்புகிறேனா என்றே தெரியவில்லை. தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி. தோளில் பை கனத்தது. சரி, வாங்கியாச்சு என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மகள் பையைத் திறந்தாள். “கீரை எங்கம்மா? உங்க புடவையைத்தான் கடையணுமா?” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் முகம் மாறியது. “இனிமே தனியாப் போவாதீங்க லா.”

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கிறேன். புண் கூடும்போது சிலருக்கு யோசனையும் மந்தமாகும், புண் அடங்கினால் தெளியலாம் என்று டாக்டர் சொன்னதாக ஞாபகம். அப்படியென்றால் மறுபடி தனியாகப் போகலாம். ஆனால் நிஜமாகவே சொன்னாரா, நானாக நினைத்துக்கொண்டேனா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

மகளே, இதை டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்.